செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த அம்மாவுக்குச் சோறில்லை. பக்கத்து வீட்டார் என்ன செய்யலாம்?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் 74 வயது அம்மா ஒருவர் மகன், மருமகளோடு இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் வீட்டை மகன் பேருக்குச் செட்டில்மென்ட், அதாவது விலை வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தைக் கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். குடும்ப ஓய்வூதியம் வருகிற ஏடிஎம் கார்டும் மகனிடம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் பத்திரத்தை ரத்து செய்து தருவதாகச் சொல்கிறார். நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து பணம் போடத் தயார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பதிவான செட்டில்மென்ட்டை, எழுதிக் கொடுத்தவர் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் போட்டு முறிக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-லேயே இதைச் சொல்லிவிட்டது. அந்த ஆள் ஒரு ரத்துப் பத்திரம் எழுதுவார். சார்பதிவாளர் திருப்பி அனுப்பியதும், 'மேலே பேசணும்' என்று மறுபடியும் பணம் கேட்பார்.

அதைவிட மோசமானது இன்னொன்று. 'அம்மா எதுக்கு அலையணும், என் பேருக்கு ஒரு பவர் போட்டுடுங்க' என்பார்கள். பொது அதிகாரப் பத்திரத்தில் விற்க, அடமானம் வைக்க, பணம் பெற என்று வரிகள் வரிசையாக இருக்கும். வீடு அம்மா பேருக்குத் திரும்பினால் அதே வேகத்தில் வேறு கைக்குப் போகும். அவர் பேரில் ஊரில் ஒரு துண்டு நிலம் இருந்தாலும் அதுவும் போகும். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ எவர் கேட்டாலும், உங்கள் சங்கச் செயலாளரே கேட்டாலும், வைக்க விடாதீர்கள்.

முதல் வேலை, மகன் இல்லாத நேரத்தில் உங்களில் ஒருவர் மட்டும் அம்மாவோடு உட்கார்ந்து பேசுவது. அவருக்கு என்ன வேண்டும்? சோறா, மருந்தா, கார்டா, வீடா? உங்கள் கோபத்துக்காக அவரை வீட்டைத் திரும்பக் கேட்க வைத்தால், விசாரணை நாளில் மகன் முகத்தைப் பார்த்ததும், 'என் பிள்ளை என்னை நல்லாத்தான் பாத்துக்கறான்' என்று சொல்லிவிடுவார். மனு அந்த ஒரு வரியில் செத்துப்போகும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு மகனை அவமானப்படுத்துவதும் வேண்டாம். அம்மாவை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் உங்களால் எட்டிப் பார்க்கவும் முடியாது.

அடுத்தது கார்டு. இதற்கு வழக்கு வேண்டாம். பாஸ்புக், ஆதாரோடு அம்மா வங்கிக் கிளைக்குப் போய், கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணை முதலில் மாற்ற வேண்டும். அதன் பிறகு பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்டு கேட்கட்டும். எண் மகனுடையதாகவே இருந்தால் புதுக் கார்டு வந்தாலும் பணம் யுபிஐ வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். நடக்க முடியாவிட்டால், 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருப்பதை மேலாளரிடம் நினைவூட்டுங்கள்.

பிறகு மனு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-ன்படி தீர்ப்பாயம் என்பது உங்கள் பகுதியின் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. அம்மாவால் தானே போய்க் கொடுக்க முடியாவிட்டால், அவர் சார்பில் நீங்களே மனு கொடுக்கலாம். அதற்குப் பவர் தேவையில்லை. 'என் சார்பில் இந்த மனுவை மட்டும் தாக்கல் செய்ய இன்னாருக்கு அனுமதி தருகிறேன்' என்று வெள்ளைத் தாளில் அவர் கையெழுத்திட்ட கடிதம் போதும். எந்த நாள் என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை எத்தனை நாள் இல்லை என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவந்து நகலை இணையுங்கள். 'கொடுமைப்படுத்துகிறார்' என்ற பொத்தாம்பொதுவான வரி எடுபடாது. மனுவைக் கொடுத்ததும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2007-ல் வைத்த தொகை அது. இன்றைய சென்னையில் மருந்துக்கும் வாடகைக்கும் எந்த மூலைக்கு? மகனுக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கோட்டாட்சியருக்குத் தேர்தல், பட்டா, வெள்ளம் என்று நூறு வேலை. முதியோர் மனுக் கட்டு அடியில் கிடக்கும். பசிக்கு வாய்தா கிடையாது என்பதை யார் போய்ச் சொல்வது? ஆகவே இடைக்கால உதவித்தொகையை அதே மனுவில் கேளுங்கள். கேட்காவிட்டால் தானாகத் தர மாட்டார்கள்.

வீடு திரும்புமா என்பது சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. இதைப் பொறுமையாகப் படியுங்கள். என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சிக்கல் 'நிபந்தனை' என்ற சொல்லில். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோருக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. அன்பின் பேரில் கொடுத்தேன் என்று எழுதியிருந்தால், கவனிப்பார் என்ற நிபந்தனை அதற்குள்ளேயே இருப்பதாகக் கொள்ளலாம் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். 'பிரியத்தின் பேரில்', 'என் ஆயுள் முழுதும் பராமரிக்க' போன்ற சொற்கள் இருந்தால் அடிக்கோடிட்டு மனுவில் அப்படியே எழுதுங்கள். 'என் வாழ்நாள் வரை இதில் குடியிருக்க' என்று ஒரு வரி இருந்தால், வீடு திரும்பாவிட்டாலும் அவரை வெளியேற்ற முடியாது.

அடி, பூட்டி வைத்தல் என்று போனால் தீர்ப்பாயத்துக்குக் காத்திருக்காமல் 100-ஐ அழையுங்கள். தனியாக வாழும் முதியோர் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. பட்டியலைக் கேளுங்கள், அதில் யார் பெயரும் இல்லாவிட்டால் உங்கள் தெருவில் இருப்பவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, இலவசம்.

இன்றே ஒன்று செய்யலாம். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணமில்லை. மகன் ஏற்கெனவே அடமானம் வைத்திருந்தாலோ விற்றிருந்தாலோ அதையும் முதல் மனுவிலேயே சேர்க்க வேண்டும்.