36 பேரா, 6 பஸ்ஸா? நியம வழு போடும்போது எதை எண்ணுவது

கேள்வி: கொழும்பில் படிக்கும் பல்கலைக்கழக மாணவி நான். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, வீட்டை விட்டுப் புறப்பட்டு கோட்டையில் இறங்கும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் என் செயற்றிட்டம். 6 நாள் காலையில், நாளுக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 6 பேர் என்று 36 பேரிடம் கேட்டேன். சராசரி 68 நிமிடம், நியம விலகல் 12. நியம வழுவையும் எழுதச் சொல்கிறார் விரிவுரையாளர். பல மாதிரிகளின் சராசரிகள் எவ்வளவு பரவுகின்றன என்பதே நியம வழுவாம். என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு மாதிரி. சராசரிகளின் பரம்பலுக்கு நான் எங்கே போவது? 68 ± 12 என்று எழுதிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. அந்த 12 ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம். ஒருவர் காலி வீதியிலேயே குடியிருப்பார், இன்னொருவர் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருந்து நடந்து வருவார். 360 பேரிடம் கேட்டாலும் அது 12ஐ ஒட்டித்தான் நிற்கும். நியம வழு ஆட்களைப் பற்றியது அல்ல, உங்கள் 68ஐப் பற்றியது. உங்கள் தோழி வேறு 36 பேரிடம் கேட்டிருந்தால் 66 வந்திருக்கலாம், இன்னொருவருக்கு 71. அப்படி வரக்கூடிய சராசரிகள் அத்தனையும் சேர்ந்ததுதான் மாதிரியெடுப்புப் பரம்பல். அதன் நியம விலகல்தான் நியம வழு.

இதை உண்மையாகவே கையால் செய்து பார்த்த ஒருவர் இருக்கிறார். டப்ளினில் கின்னஸ் பியர் ஆலையில் வேலை செய்த வில்லியம் கோசெட். 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் கொண்ட ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்தார். 750 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி. 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையில் இது இருக்கிறது. சிறிய மாதிரிகளுக்கு நீங்கள் புரட்டுகிற ரீ (t) அட்டவணைக்கு மூலமும் அதுதான்.

உங்களுக்கு அட்டை கலைக்கிற வேலை இல்லை. ஒன்றையொன்று சாராத 36 பெறுமானங்களைக் கூட்டினால் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) 36 மடங்காகும். சராசரிக்காக 36ஆல் வகுக்கும்போது மாறற்றிறன் 36இன் வர்க்கத்தால் வகுபடும். மிஞ்சுவது, ஒரு பெறுமானத்தின் மாறற்றிறனில் 36இல் ஒரு பங்கு. வர்க்கமூலம் எடுத்தால் 12ஐ 6ஆல் வகுத்ததாகிறது, அதாவது 2 நிமிடம். ஒரே மாதிரி போதும் என்பது இதனால்தான்: மாதிரிக்குள் இருக்கும் பரவலே சராசரி எவ்வளவு ஆடும் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. 68இன் இரு பக்கமும் ஏறக்குறைய இரண்டு நியம வழு எடுத்தால், உண்மைச் சராசரி எதற்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 வீத நம்பிக்கை ஆயிடை ஏறக்குறைய 64 முதல் 72 வரை வரும்.

பாடநூல் விடை இத்தோடு முடிந்தது. உங்கள் தரவுக்கு இது பொருந்தாது.

மேலே ‘ஒன்றையொன்று சாராத’ என்று ஒரு சொல் போட்டேனே, அங்கேதான் சிக்கல். ஒரே பஸ்ஸில் இருந்து இறங்கிய 6 பேரும் ஒரே மழையில், ஒரே கொள்ளுப்பிட்டி நெரிசலில் நின்றவர்கள். நடந்த தூரமும் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும் மட்டுமே ஆளுக்கு ஆள் மாறும். அன்று பஸ் 20 நிமிடம் பிந்தினால் 6 பேருக்கும் சேர்த்தே பிந்தும். ஆகவே உங்களிடம் இருப்பது 36 தனித்தனிச் சாட்சிகள் அல்ல.

சரி, என்ன செய்யலாம்? பஸ்ஸுக்கு ஒரு சராசரி எடுங்கள். நீங்கள் மூலத் தரவு அனுப்பாததால், உங்கள் 68க்கும் 12க்கும் ஒத்துப்போகிற மாதிரி நானே எண்களை வைக்கிறேன்: 56, 61, 65, 69, 75, 82. இந்த ஆறின் சராசரியும் 68தான். நியம விலகல் கிட்டத்தட்ட 9.5. அதை 6இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு 3.9. சுயாதீனப் பாகை (பஸ்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 5 என்பதால் நியம வழுவைப் பெருக்க ரீ அட்டவணையில் எடுக்க வேண்டிய பெறுமானம், பெரிய மாதிரிகளுக்குரிய 1.96 அல்ல, 2.57. ஆயிடை 58 முதல் 78 வரை விரிகிறது. சராசரி அதேதான், ஆனால் முதலில் கிடைத்த 64–72 உங்களிடம் இல்லாத நுணுக்கத்தைக் காட்டுகிறது. விரிவுரையாளர் கவனிக்காமல் விட்டாலும், உங்கள் தரவில் இந்த இரண்டாவது வழியில் கணக்கிட்டதையே எழுதுங்கள். நியம விலகல் 12ஐயும் விட வேண்டாம், அது நியம விலகல் என்று பெயர் சொல்லித் தனியாகக் கொடுங்கள். ± குறியை மட்டும் போட்டுவிட்டு எது என்று சொல்லாத அறிக்கைகள் ஆய்விதழ்களிலேயே உண்டு, எனக்கு எரிச்சல் தருகிற வழக்கம் அது.

இன்னொன்று. எந்தச் சூத்திரமும் நீங்கள் யாரைக் கேட்காமல் விட்டீர்கள் என்பதை அறியாது. காலை 8 மணிக்கு மட்டும் நின்றிருந்தால் 6 மணி பஸ்ஸில் வந்தவர் உங்கள் 68இல் இல்லை. ஆட்களைக் கூட்டினால் நியம வழு குறையும், இந்தக் கோணல் அப்படியே இருக்கும்.

சமர்ப்பிக்க இன்னும் நாள் இருந்தால், ஒரே பஸ்ஸில் 6 பேரைப் பிடிப்பதை விட்டுவிட்டு, வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் 18 பஸ்களில் இரண்டிரண்டு பேரைக் கேளுங்கள். மொத்தம் அதே 36 பேர்தான். நான் வைத்த எண்களின்படி நியம வழு 3.9இல் இருந்து 2.5 அளவுக்கு இறங்கும், ஆயிடையும் ஏறக்குறைய 63 முதல் 73 வரை சுருங்கும்.