கூடத்துச் சுவரில் படங்கள்: கேள்வி பதில்

வீட்டில் தமக்கென ஒரு கலைச்சுவர் அமைக்க விரும்பும் காவிரிக் கரை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தஞ்சாவூரில் படங்களுக்குச் சட்டமிடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இங்கே விடையளிக்கிறேன்.

மயிலாடுதுறை வாசகி: ஐயா, எங்கள் கூடத்தில் பெரிய சுவர் ஒன்று வெறுமையாக இருக்கிறது. முதலில் எந்தப் படங்களை வாங்க வேண்டும்?

படம் வாங்குவதற்கு முன் சுவரைப் பாருங்கள் அம்மா. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு இல்லாத பழைய செங்கல் சுவர்கள் மண்ணிலுள்ள நீரை மேல்நோக்கி உறிஞ்சுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் நிரம்பி நிற்கும் நம் ஊர்களில் இது இன்னும் கூடுதலாகவே நடக்கிறது. நீரோடு ஏறி வரும் உப்பு, நீர் உலர்ந்த பிறகு வெள்ளைப் பொடியாகப் பூத்துச் சுவர்ப் பூச்சை உதிர்த்துவிடும். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு பொரிந்திருந்தால் அது பெரும்பாலும் இந்த ஓதம்தான். ஐயம் இருந்தால், ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை நான்கு விளிம்பும் சுவரோடு ஒட்டும்படி டேப் போட்டு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். அத்தகைய சுவருக்கு பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பெயின்ட் கொப்புளமாக எழும்பும். சுண்ணாம்பு வெள்ளையடித்தால் சுவர் உலர வழி கிடைக்கும். குளியலறையை ஒட்டிய சுவரையும், மழைச்சாரல் நேராக அடிக்கும் புறச்சுவரையும் தவிர்த்து, இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை.

கும்பகோணம் வாசகர்: எங்களுடையது மண்சாந்தில் கட்டிய பழைய ஓட்டு வீடு. ஆணி அடித்தால் பூச்சோடு பெயர்ந்து வருகிறது. என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டைக் கட்டியவர்களின் முறையையே பின்பற்றலாம். அக்காலத்தில் கதவு நிலைக்குச் சற்று மேலே, சுவரின் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம் பதித்து, படத்தின் கீழ்விளிம்பை அதன் மேல் நிறுத்தி, மேல்விளிம்பைக் கயிற்றால் கட்டி முன்புறமாகச் சாய்த்து மாட்டினார்கள். பாயில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குப் படம் நேராகத் தெரிந்தது. முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் படத்தின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடியது. ஈரப்பதம் மிகுந்த ஊரில் படத்தைக் காக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன். நீங்கள் ஒரு தேக்கு ரீப்பரை வாங்கி, சாந்து உறுதியாக உள்ள இடங்களாகப் பார்த்து நான்கைந்து இடங்களில் நீண்ட திருகாணிகளால் பொருத்தி, எல்லாப் படங்களையும் அதிலிருந்தே தொங்கவிடுங்கள். பிறகு படத்தை மாற்றும்போதெல்லாம் சுவரில் புதிய துளை போட வேண்டியதில்லை. கான்கிரீட் வீட்டுக்காரர்களும் சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டிக் காற்றுக்கு இடம் விடலாம்.

திருவாரூர் வாசகி: தாத்தா, பாட்டியின் பழைய புகைப்படங்கள் பூஞ்சை பிடித்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்தெடுக்கலாமா?

தயவுசெய்து பிரிக்காதீர்கள், படத்தின் மேற்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே இருக்கட்டும் என்று சொல்லி, நல்ல ஸ்டுடியோவில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பிரதியைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, மூலப்படத்தை உலர்ந்த அலமாரியில் வையுங்கள். புதிய சட்டத்தில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை கட்டாயம் இருக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளி இல்லாததே முன்பு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம். சந்தனமும் குங்குமமும் வைத்து மாலையிடும் படங்களைக் கலைச்சுவரில் கலக்காமல், அவற்றுக்குரிய இடத்திலேயே விடுவது நன்று. பாட்டி இளம்பெண்ணாகத் திண்ணையில் அமர்ந்திருக்கும் படம் போன்றவை இந்தச் சுவருக்கு ஏற்றவை.

மன்னார்குடி வாசகர்: தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் வேறு படங்களை மாட்ட எண்ணம். சரியாக இருக்குமா?

இருக்கும், ஆனால் ஒன்றே போதும். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடிக் கலவையால் புடைப்பு எழுப்பி, கற்கள் பதித்து, தங்கத்தாள் ஒட்டிச் செய்யும் அந்த ஓவியம், 2007-08 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் ஒளி பக்கத்திலுள்ள எதையும் மங்கச் செய்யும். ஆகவே சுற்றிலும் கோட்டோவியங்கள், கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் போன்ற அமைதியான படங்களை, சற்றுத் தாராளமான இடைவெளியோடு மாட்டுங்கள். வாங்கும்போது 22 காரட் தங்கத்தாளா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். மலிவான பொன்னிறத் தாள் நாளடைவில் கறுத்துப்போகும். ஓவியம் கனமானது என்பதால் இரண்டு கொக்கிகளில் மாட்டுங்கள். விளக்குப் புகை படும் இடமும், நேர் வெயில் விழும் இடமும் ஆகாது. கண்ணாடியைத் துடைக்கும்போது நீரைத் தெளிக்காமல், உலர்ந்த துணியையே பயன்படுத்துங்கள்.

திருவையாறு வாசகி: தஞ்சாவூர் ஓவியம் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. நம் மண்ணைச் சேர்ந்த வேறு கலைகள் உண்டா?

கருப்பூர் கலம்காரி உண்டு. கோயில்களில் குழல் வடிவில் தொங்கும் தொம்பைக்கும், வாசலில் கட்டும் வாசமாலைக்கும், மேற்கட்டியான விதானத்துக்கும் பருத்தித் துணியில் கையால் வரையும் இந்த மரபு, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள சில குடும்பங்களின் கைகளில் இன்றும் வாழ்கிறது. 2021 இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறு துண்டு ஒன்றை வரைந்தவரிடமே கேட்டு வாங்குங்கள். அப்படிச் செய்தால் முழுத் தொகையும் அவரிடமே சேரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கலம்காரிக்குக் கண்ணாடி தேவையில்லை. மேல்விளிம்பில் உறை போலத் தைத்து, ஒரு மூங்கில் கழியைச் செருகித் தொங்கவிடலாம். இயற்கைச் சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வேதாரண்யம் வாசகர்: உப்புக் காற்றில் கொக்கிகள் துருப்பிடிக்கின்றன.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கியும் நைலான் கயிறும் பயன்படுத்துங்கள். உலோகச் சட்டம் வேண்டாம், மரச்சட்டமே போதும்.

நாகப்பட்டினம் வாசகி: எவ்வளவு உயரத்தில், எந்த வரிசையில் மாட்டுவது? குழந்தைகள் வரைந்த படங்களும் நிறைய இருக்கின்றன.

ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, முதலில் அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். நின்று பார்க்கும் இடமானால், படத்தொகுதியின் நடு தரையிலிருந்து சுமார் 57 அங்குலத்தில் இருப்பது வழக்கம். தரையில் அமரும் கூடமானால் அரையடி இறக்கலாம். படங்களுக்கு இடையே இரண்டு, மூன்று அங்குலம் விட்டால் அவை ஒரே தொகுதியாகத் தெரியும். குழந்தைகளின் படங்களுக்குச் சட்டமே வேண்டாம். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, துணிக் கிளிப்புகளைக் கொடுத்துவிடுங்கள். எதை மாட்டுவது, எதை எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.