மின்கம்பியில் உண்டாகும் சூட்டைக் கணினியில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எந்தக் கம்பியும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடையைத் தாண்டிப் போவதில் செலவாகும் ஆற்றல்தான் சூடு. இதன் அளவை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1841-லேயே சொல்லிவிட்டார்: மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும். வீட்டில் போடும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்குச் சுமார் 1.2 வாட் சூடு. 20 ஆம்பியர் என்றால் இரு மடங்கு இல்லை, நாலு மடங்கு!

சரி, கணினி எதற்கு? கம்பி சூடானால் அதன் தடையும் கூடும் (செம்புக்கு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவில்). தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். அதனால் கேபிளைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உண்டாகும் சூடு, வெளியேறும் சூடு இரண்டையும் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறார்கள், வெப்பநிலை ஓரிடத்தில் நிற்கும்வரை.

ஓட்டை வாளியைக் குழாயடியில் வைத்தது போலத்தான். வரவும் ஒழுக்கும் சமமாகும் மட்டத்தில் தண்ணீர் நின்றுவிடும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் சூடு வெளியேற வழி குறைவு, ஓட்டை அடைபட்ட மாதிரி; சாதாரண பி.வி.சி. உறை தாங்குவதோ 70 டிகிரிதான்.

அப்புறம், வோல்டேஜ் கூடினால் கம்பி அதிகம் சுடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே வாட்டை அதிக வோல்டேஜில் அனுப்பினால் ஆம்பியர் குறையும், சூடும் குறையும்.