எண்ணெய்க் குளியல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும்தான் வேலை. எண்ணெய்க் குளியல் பற்றிக் கேளுங்கள் என்றதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தொடங்கும் முன் இரண்டு விஷயம். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய்க் காலோடு குளியலறையில் கால் வைக்கும் முன் தரையைப் பாருங்கள். நீங்கள் எதைக் கேட்டாலும் இந்த இரண்டும் என் பதிலில் வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்: சனிக்கிழமையும் எனக்கு அலுவலகம் உண்டு அக்கா. வேறு நாளில் குளிக்கலாமா? எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

எந்த நாளில் வேண்டுமானாலும் குளியுங்கள். ஔவையார் சனி நீராடச் சொன்னார். சித்த மருத்துவ நூல்கள் எழுதிய தேரையர் நாலு நாளுக்கு ஒரு முறை என்றார். நம் வீடுகளில் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்றார்கள். உங்களுக்கு அவசரம் இல்லாத நாள் எதுவோ அதுதான் நாள். ஞாயிறு என்றால் ஞாயிறு.

நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். இரண்டு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டுக் காய்ச்சுவது வாசனைக்கு. தலைக்கு இரண்டு மேசைக்கரண்டி, உடம்புக்கு அரைக் குவளைக்கும் குறைவு, அவ்வளவு போதும். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. இரண்டு மணி நேரம் ஊறினால் இரண்டு மடங்கு பலன் என்று எதுவும் இல்லை. அந்த அரை மணியில் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். எண்ணெய்க் கையால் அதைத் தொட முடியாது என்பதே இந்தக் குளியலின் பெரிய வசதி என்பேன்.

திருப்பூர்: முடி கொட்டுவது நிற்குமா?

நிற்காது. தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அது வளர்ந்து நிற்கும் முடி உடையாமல் இருக்க உதவும். வேரிலிருந்து கொட்டுவதை நிறுத்தாது. பரம்பரை வழுக்கை, தைராய்டு, இரத்தசோகை, பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நாகர்கோவில்: தலையில் பொடுகு. ராத்திரி எண்ணெய் வைத்துக் காலையில் குளிக்கிறேன். குறையவே இல்லை.

எப்படிக் குறையும்? பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற நுண்காளான் கொழுப்பைத் தின்று வாழ்வது. நீங்கள் ராத்திரி முழுக்க அதற்கு விருந்து வைக்கிறீர்கள். பொடுகு போகும்வரை தலைக்கு எண்ணெய் வேண்டாம், உடம்புக்கு மட்டும் தேயுங்கள். மருந்துக் கடையில் கீட்டோகோனசோல் ஷாம்பூ கிடைக்கும். தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு அலசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர்.

சேலம்: என் குழந்தைக்கு மூன்று மாதம். மாமியார் தலைக்கு ஊற்றும்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுகிறார். "உங்க வீட்டுக்காரரை அப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். என்ன சொல்லிப் புரிய வைப்பது?

நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். பழி என் மேல் இருக்கட்டும்.

தண்ணீர் மூச்சுக் குழாய்ப் பக்கம் போனால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அந்த இருமலைச் சரியாகத் தூண்டாமலே நழுவி நுரையீரலுக்குள் போய்விடும். போன எண்ணெயை உடம்பால் எளிதில் கரைக்க முடியாது. அது அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். சளியாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டுவந்த குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். வாயால் ஊதும்போது பெரியவர் வாயில் இருக்கும் கிருமியும் சேர்ந்து போகும். காதுக்கும் இதே விதி. சாம்பிராணிப் புகையில் தலை காட்டுவதும் வேண்டாம், அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகை புகைதான்.

ஆனால் ஒன்று கேளுங்கள். மாமியாரிடமிருந்து குளிப்பாட்டும் வேலையையே பிடுங்கிவிடாதீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் தடவுகிற அந்தக் கை உங்களுக்கும் எனக்கும் லேசில் வராது. "அத்தை, நீங்களே ஊத்துங்க, மூக்கை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், கையும் பழகும். எண்ணெய்க் குழந்தை கையில் வழுக்கும், தரையும் வழுக்கும், அதனால் நின்றுகொண்டு குளிப்பாட்ட வேண்டாம்.

வேலூர்: உடம்புச் சூடு குறையுமா?
கரூர்: உஷ்ண உடம்பு எனக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை?
புதுச்சேரி: சூட்டுக்கு விளக்கெண்ணெய் நல்லதா?

மூவருக்கும் சேர்த்து ஒரே பதில். நல்லெண்ணெய் உங்கள் உடம்பு வெப்பத்தைக் குறைப்பதில்லை. தெர்மாமீட்டர் வைத்தால் குளிப்பதற்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். ஆனால் "குளுகுளுன்னு இருக்கு" என்று நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. வெந்நீர் பட்டதும் கை கால் தோலின் இரத்தக் குழாய்கள் விரியும். குளித்து வெளியே வந்தபின் அந்த வழியாக உள்வெப்பம் வெளியேறும். உடம்பு லேசாகக் குளிரும்போது தூக்கம் சொக்கும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். குளித்த அன்று பகலில் தூங்காதே என்று பெரியவர்கள் ஏன் கண்டித்தார்கள் என்பதற்கு என் ஊகம் இதுதான்: தூக்கம் அப்படி அழுத்தும், பகலில் விட்டுக்கொடுத்தால் ராத்திரி கெட்டது.

புதுச்சேரிக்காரருக்கு: விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு அதிகம். வேண்டுமானால் நல்லெண்ணெயில் ஒரு கரண்டி கலந்துகொள்ளுங்கள். சூடு பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

பெங்களூரு: தனியாக அறை எடுத்து இருக்கிறேன். ஊரில் அம்மா தேய்த்துவிடுவார். இங்கே நானே தேய்த்துக்கொண்டால் அந்தச் சுகம் வருவதே இல்லை. எண்ணெய் மாறியதாலா?

எண்ணெய் மாறவில்லை தங்கச்சி, கைதான் மாறியது. நம் தோலில் மெல்லத் தடவுவதை உணர்வதற்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009இல் அளந்து பார்த்தார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் தடவலுக்குத்தான் அவை நன்றாக விழிக்கின்றன. அந்த வேகத்தைத்தான் மனசும் இதம் என்கிறது. உங்கள் அம்மா கை முதுகில் போகிற வேகம் கிட்டத்தட்ட அதுதான், அளந்து பாருங்கள். தன் கையே தன்னைத் தொட்டால் மூளை அதைக் கொஞ்சம் அடக்கித்தான் எடுத்துக்கொள்ளும். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் அதனால்தான்.

தனியாக இருக்கும்போது அவசரமாகப் பரபரவென்று தேய்க்காதீர்கள். உள்ளங்கையை முழுதாகப் பதித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாக இழுங்கள். காதுக்குப் பின்னால், பிடரி, பாதத்தின் வளைவு, இந்த மூன்று இடத்தில் நின்று போங்கள். முதுகுக்கு? பக்கத்து அறையில் ஒரு பெண் இருப்பாள், அவளுக்கும் முதுகு எட்டாது. எங்கள் நர்சிங் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருப்பவள் தலையில் தேய்ப்போம். முதல் நாள் கூச்சம். அப்புறம் ஊர்க்கதை எல்லாம் அங்கேதான்.

திண்டுக்கல்: அம்மா போன வருடம் தவறிவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா முதுகுக்கு அம்மாதான் எண்ணெய் தேய்ப்பார். இப்போது அப்பா எண்ணெய் பக்கமே போவதில்லை. எனக்கும் அவருக்கும் பேச்சு குறைவு. நான் தேய்த்துவிடலாமா? சங்கடமாக இருக்கிறது.

தம்பி, கேட்காதீர்கள். "தேய்க்கட்டுமா அப்பா?" என்று கேட்டால் "வேண்டாம்பா" என்றுதான் வரும். அந்தத் தலைமுறை ஆண்கள் அப்படித்தான். எண்ணெய்க் கிண்ணத்தோடு போய், "சட்டையைக் கழட்டுங்க, எண்ணெய் ஆறுது" என்று சொல்லுங்கள். திட்டினாலும் கழற்றுவார்.

முக்காலி போட்டு உட்கார வையுங்கள், நீங்கள் பின்னால் இருங்கள். பின்னால் இருப்பதில் ஒரு நன்மை உண்டு, இருவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. முகம் பார்க்காமல் சொல்ல முடிகிற விஷயங்கள் நிறைய. முதல் வாரம் எதுவும் பேச மாட்டார். பேசினாலும் "அழுத்தித் தேய்" என்பதோடு சரி. அம்மா பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். அவரே "உங்கம்மா கழுத்துல இன்னும் கொஞ்சம் வைப்பா" என்று ஒரு நாள் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இரண்டும் சரிதான்.

இனி செவிலியராகச் சொல்கிறேன். வயதானவர் தோல் மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் கன்றிப்போகும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் மெதுவாக. சர்க்கரை இருந்தால் பாதத்தை எடுத்துப் பாருங்கள், விரல் இடுக்கில் புண், வெடிப்பு இருக்கிறதா என்று. அவருக்கே தெரியாமல் புண் இருக்கும். விரல் இடுக்கில் எண்ணெய் வைக்காதீர்கள். வெந்நீரின் சூட்டை உங்கள் கை பார்க்கட்டும், உணர்வு குறைந்த காலுக்குச் சுடுவது தெரியாது. பிரஷர் மாத்திரை போடுகிறவர் வெந்நீர்க் குளியலுக்குப் பின் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதனால் உட்கார்ந்தே குளிக்கட்டும். கதவைத் தாழிட வேண்டாம். தரையில் ஒரு பழைய சாக்கை விரியுங்கள். இடுப்பெலும்பு முறிந்து வந்த பெரியவர்களில் எத்தனை பேர் குளியலறையில் விழுந்தவர்கள் தெரியுமா?

அடுத்த சனிக்கிழமையே தொடங்குங்கள்.

ராஜபாளையம்: சீயக்காய் தீர்ந்துவிட்டால் அரப்பு போடலாமா?

போடலாம்.

(இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வந்தவை கீழே. வரிசை மாற்றாமல் போடுகிறேன்.)

ஈரோடு: சீயக்காய் "தீர்ந்துவிட்டால்" அரப்பா? சிஸ்டர், அரப்புதான் முதல். வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்ணும் எரியாது, முடியும் வறளாது.

மதுரை: எண்ணெயும் போகாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். அரப்பு போட்டால் சாயங்காலம் வரை தலையில் இலைத் துகள் பொறுக்க வேண்டும்.

கோபி: அலசத் தெரியாதவர்கள் சொல்கிற குறை அது.

யாழ்ப்பாணம்: நாங்கள் சீயாக்காயோட வெந்தயமும் தேசிக்காயும் (எலுமிச்சை) போட்டு அவிச்சுத்தான் முழுகிறனாங்கள். பொடியைக் கொட்டித் தேய்க்கிறதெல்லாம் ஒரு முழுக்கா?

உசிலம்பட்டி: அரப்பு என்பது உசிலை மரத்து இலை. எங்கள் ஊர்ப் பெயரே அந்த மரம்தான். கொங்குக்காரர்கள் மட்டும் பட்டா போட்டுக்கொள்ள வேண்டாம். மதுரைக்காரருக்கும் வெட்கமாக இல்லையா?

சென்னை: எல்லாரும் ஷாம்பூ போடக் கூடாதா?

ஈரோடு, மதுரை (ஒரே நேரத்தில்): கூடாது.

சரி, போதும். சீயக்காய் காய், அரப்பு இலை. இரண்டிலும் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது, எண்ணெயை எடுப்பது அதுதான். சீயக்காய் கொஞ்சம் அழுத்தமாக எடுக்கும், அரப்பு மென்மையாக எடுக்கும். நிறைய எண்ணெய் வைப்பவருக்குச் சீயக்காய், வறண்ட தலைக்கு அரப்பு. சென்னைக்காரர் ஷாம்பூவே போட்டுக்கொள்ளட்டும், ஒன்றும் ஆகாது. துணிச் சோப்பு மட்டும் தலைக்கு வேண்டாம், காரம் அதிகம்.

நான் யார் கட்சி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சீயக்காய். ஒரு கிலோவுக்குப் பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், காய்ந்த செம்பருத்திப் பூ, நிழலில் உலர்த்திய எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பூலாங்கிழங்கு. எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் மில்லில் அரைத்துச் சலிக்க வேண்டும். அதை வடிகஞ்சியில் கரைக்கிறேன். கஞ்சியை ஈரோட்டிடமிருந்து எடுத்துக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். இலையை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோபி: ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கும் பதில் சொல்ல விடுங்கள்.

தர்மபுரி: மாதவிலக்கு நாளில் குளிக்கலாமா? உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக.

தூத்துக்குடி: காய்ச்சலில்? வேண்டாம். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் போகட்டும்.

காரைக்கால்: தீபாவளிக்கு மட்டும் குளித்தால் போதுமா? குளிக்காமல் இருப்பதற்கு மேல். அன்றைக்கு வீட்டில் எல்லார் தலையிலும் எல்லாரும் எண்ணெய் வைக்கிறார்களே, அதற்காகவாவது.

விழுப்புரம்: முடி கொட்டுமா, நிற்குமா? மேலே திருப்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அரியலூர்: உடம்புச் சூடு... மேலே.

தஞ்சாவூர்: காதில் இரண்டு சொட்டு மட்டும் விடலாமா? பெரியவருக்குத்தான். விட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போகும், ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியாது.

கோயம்புத்தூர்: வாராவாரம் அரப்பு போட்டுக் குளிக்கிறோம். குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. வெந்நீர் ஊற்றினேன், போகவில்லை. பிளம்பரைக் கூப்பிடுங்கள். எண்ணெயும் இலைத் துகளும் சேர்ந்து களியாகி உட்கார்ந்திருக்கும். இனிமேல் வடிகால் மேல் ஒரு சல்லடை போடுங்கள், பொடியை இரண்டு முறை சலியுங்கள். அதுவரை தரையில் தண்ணீர் தேங்கி வழுக்கும், பார்த்து நடங்கள். இந்தப் பதிலை ஈரோடும் கோபியும் தவறாமல் படிக்கவும்.