பாமர்ஸ்டன் பிரபு மக்களவையில் இருந்தது எப்படி?

வணக்கம். நீங்கள் மொழிபெயர்க்கும் கட்டுரையில், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் பிரதமராக இருந்த பாமர்ஸ்டன் 'வைகவுண்ட்' (ஒரு பிரபுப் பட்டம்) என்றும் வருகிறார், பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவை உறுப்பினர் என்றும் வருகிறார். பிரபு என்றால் பிரபுக்கள் அவையில் அல்லவா இருக்க வேண்டும், எது பிழை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. தயவுசெய்து எதையும் திருத்திவிடாதீர்கள்.

அவருடையது அயர்லாந்துப் பட்டம். 1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தபோது டப்ளினில் இருந்த பிரபுக்கள் அவை இல்லாமல் போனது. அந்தப் பிரபுக்கள் தங்களுக்குள் 28 பேரை ஆயுள் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்து லண்டன் பிரபுக்கள் அவைக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் அன்று மக்களவைக்குப் போட்டியிட முடிந்தது. ஆனால் அயர்லாந்துத் தொகுதி எதிலும் நிற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது.

இந்த நிபந்தனை சும்மா ஏட்டளவில் இருந்ததல்ல. பிரிட்டிஷ் அரசியல்வாதி காசல்ரேயைப் பாருங்கள். அப்பா இருந்தவரை 'காசல்ரே' என்பது மகனுக்கு வழங்கிய மரியாதைப் பெயர்தான்; அவர் இன்னும் பிரபு ஆகவில்லை. அதனால் அயர்லாந்தின் டவுன் (Down) தொகுதி உறுப்பினராக இருக்க முடிந்தது. 1821இல் அப்பா இறந்து லண்டன்டெரி மார்க்வெஸ் என்ற அயர்லாந்துப் பிரபுப் பட்டம் கைக்கு வந்ததும் டவுன் தொகுதி போய்விட்டது. வெளியுறவு அமைச்சராக இருந்தவர், இங்கிலாந்தின் ஆர்ஃபர்ட் தொகுதிக்கு மாற வேண்டியதாயிற்று. அப்பாவை இழந்த துக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது பாவம்தான்.

அப்புறம், ஆற்காட்டு முற்றுகையால் நமக்குத் தெரிந்த ராபர்ட் கிளைவுக்கு 1762இல் கிடைத்ததும் அயர்லாந்துப் பட்டமே. அதன் பிறகும் அவர் மக்களவையில்தான் இருந்தார்.

ஆகவே முதல் இடத்திலேயே 'அயர்லாந்துப் பிரபு' என்று எழுதிவிடுங்கள். வெறும் 'பிரபு' என்றால் வாசகரும் உங்களைப் போலவே குழம்புவார்.