இரண்டு படங்களுக்கு நடுவே பத்தரை மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. என் மகன் லண்டனில் இல்ஃபோர்ட் பக்கம் இரண்டு பொடியன்களோடு அறை எடுத்து இருக்கிறான். வேலை விசாவில் போய் மூன்று வருடம். போன சனிக்கு முந்திய சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் ஒரு கடைத்தொகுதி வளவில் காரை நிறுத்திப் பாணும் பாலும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். பின்னேரம் திரும்பி வரும்போது மருந்து வாங்க அதே வளவில் மறுபடி நிறுத்தியிருக்கிறான். இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. காலை 8.12க்கு உள்ளே வந்த கார் மாலை 6.41க்குத்தான் வெளியே போனதாம். 10 மணி 29 நிமிடம் நின்றதாம். அங்கே 3 மணி நேரம்தான் இலவசம். அதனால் 100 பவுண் கட்ட வேண்டும், 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். கார் வந்த படமும் போன படமும் கடிதத்திலேயே இருக்கின்றன. 60ஐக் கட்டிவிட்டுப் பேசாமல் இரு என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது. இது பொலிஸ் கேசா? அவனுடைய விசாவுக்குப் பாதிப்பு வருமா?
– ஒரு தாய், தருமபுரம்

பதில்: தங்கச்சி, உங்கள் செய்தி வந்த அன்றிரவே மகனுக்கு அனுப்பச் சொல்லிச் சுருக்கமாக ஒரு பதில் போட்டேன். நாள் கணக்கு ஓடுகிற விஷயம், இதழ் வரும்வரை வைத்திருக்க முடியாது. இங்கே விரிவாக எழுதுவது, லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு வந்த கடிதத்தை நடுச்சாமத்தில் வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு நித்திரை இல்லாமல் கிடக்கிற மற்றப் பெற்றோருக்காகவும்தான்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். அது பொலிஸ் கேஸ் இல்லை. நகரசபை போடும் தண்டமும் இல்லை. அந்த வளவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தனியார் நிறுவனம், 'எங்கள் விதியை மீறினீர்கள், காசு தாருங்கள்' என்று கேட்டு அனுப்பிய கடிதம். குற்றப் பதிவில் ஏறாது. வாகனப் பதிவு வைத்திருக்கும் டிவிஎல்ஏ என்ற அரச நிறுவனத்திடம் 2.50 பவுண் கட்டித்தான் மகனுடைய பெயரையும் விலாசத்தையும் எடுத்திருப்பார்கள். அரசாங்கத்திடமிருந்து பெயர் வந்ததே என்று அதை அரசாங்கக் கடிதமாக நினைக்க வேண்டாம்.

விசாவைப் பொறுத்தவரை, இந்தக் கடிதம் வந்ததால் ஒன்றும் ஆகாது. ஆனால் இதைக் கவனிக்காமல் விட்டு, அவர்கள் வழக்குப் போட்டு, அதற்கும் பதில் போடாமல் தீர்ப்பு வந்து, அந்தக் காசையும் கட்டாமல் விட்டால் அது வேறு கதை. விசா விண்ணப்பத்தில், கடன் கட்டாததற்காக உங்களுக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் மகன் பயப்படவும் வேண்டாம், கடிதத்தை மேசை லாச்சிக்குள் போடவும் வேண்டாம்.

சரி, எப்படி இந்தப் பிழை வருகிறது? நான் குறொய்டன் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் பதினான்கு வருடம் காசாளராக நின்றவன். எங்கள் செட்டின் வளவிலும் இந்தக் கமரா இருந்தது. அது காரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வாசலில் இலக்கத்தகட்டைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான். உள்ளே வந்த படத்தையும் வெளியே போன படத்தையும் ஒரு கணினி சோடி சேர்க்கும். காலையில் மகன் வெளியே போகும்போது பின்னால் ஒரு பாண் வான் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் தகடு மறைந்திருக்கும். குளிர்காலத்துப் பதிந்த வெயில் கமராவின் கண்ணில் நேராக விழுந்திருக்கலாம். மழைச் சேறு தகட்டில் இருந்திருக்கலாம். 8ஐ பி என்றும் பூச்சியத்தை ஓ என்றும் வாசித்திருக்கலாம். ஏதோ ஒன்றால் காலையில் போன படம் தவறுகிறது. பின்னேரம் வந்த படமும் அதே மாதிரித் தவறினால், கணினியின் கையில் மிஞ்சுவது காலை முதல் படமும் மாலை கடைசிப் படமும் மட்டும். அது இரண்டையும் சேர்த்துப் பத்தரை மணி நேரம் என்று கணக்கு எழுதிவிடுகிறது. இரண்டு தரம் வந்து போன காரை ஒரு தரம் வந்ததாக எண்ணும் இந்தப் பிழை அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. அதனால்தான் கடிதம் அனுப்ப முன் ஓர் ஆள் கண்ணால் படங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று இந்த வளவு நிறுவனங்கள் சேர்ந்திருக்கும் சங்கத்தின் நடத்தை விதியே சொல்கிறது.

எனக்கு இது 2016இல் நடந்தது. மனைவியைக் காலையில் ஒரு வளவில் இறக்கிவிட்டேன், இரவு போய் ஏற்றினேன். பதினொரு மணி நேரம் நின்றதாகக் கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு லண்டன் ஞாபகம் வரவில்லை, 2003தான் வந்தது. ஏ9 வீதி திறந்திருந்த காலம். அம்மாவின் கண்ணுக்கு மருந்து எடுக்க வவுனியாவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் சோதனைச் சாவடியில் என்னை மறித்து வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை நான் போனது கொப்பியில் இருந்தது, திரும்பி வந்தது இல்லை. 'போன ஆள் வரவில்லை, நீ யார்?' என்று கேட்டால் என்ன சொல்வது? எழுத மறந்தது அவர்கள், வெயிலில் மூன்று மணி நேரம் நின்றது நானும் அம்மாவும். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் கிளினிக் அட்டை. அதில் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் மருந்தகத்தில் மருந்து எடுத்த முத்திரை இருந்தது. செவ்வாய் ஊரில் நின்ற ஆள் திங்கள் திரும்பித்தானே இருக்க வேண்டும்?

உங்கள் மகனுக்குத் தேவையானதும் அந்த நடு நாள் முத்திரைதான் தங்கச்சி. இதை நன்றாக விளங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் பாண் வாங்கிய துண்டையும் மாலையில் மருந்து வாங்கிய துண்டையும் மட்டும் அனுப்பினால் போதாது. 'பார், காலையும் நின்றாய், மாலையும் நின்றாய்' என்று அவர்கள் அதையே தங்கள் பக்கம் திருப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில் கார் வேறு இடத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். வேலைக்கு விரல் வைத்து ஏறிய நேரமும் இறங்கிய நேரமும், அதோடு காரில்தான் வந்தான் என்று மேலாளர் எழுதித் தரும் இரண்டு வரி. வேலையிடத்து வளவிலும் கமரா இருந்தால் அந்தப் பதிவு. போனில் கூகுள் வரைபடம் அன்றைய பயணத்தைச் சேமித்திருந்தால் அதன் படம். வழியில் பெற்றோல் அடித்திருந்தால் அந்தத் துண்டில் நேரம் இருக்கும். காரில் கமரா பூட்டியிருந்தால் அது எல்லாவற்றையும் விட நல்லது, ஆனால் பழைய பதிவின் மேல் புதியது ஏற முதல் எடுத்து வைக்க வேண்டும். எனக்கு உதவியது என் காசு இயந்திரத்தின் பதிவும் செட் வளவின் கமராவும். காலை ஒன்பது மணியிலிருந்து நான் அங்கே காசு வாங்கிக்கொண்டு நின்றேன், என் கார் பின்வளவில் நின்றது.

இன்னொரு வேலையும் செய்யலாம், பலர் செய்வதில்லை. அந்த நாட்டுத் தரவுச் சட்டப்படி, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை அவனுக்கு உண்டு. காசு இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அந்தச் சனிக்கிழமை தன் கார் இலக்கத்துக்கு எடுத்த எல்லாப் படங்களையும், சோடி சேராமல் விட்ட படங்களையும் தரும்படி கேட்கட்டும். காலையில் வெளியே போன படம் வேறு எழுத்தோடு அங்கே கிடந்தாலும் கிடக்கும். பதில் வரும்வரை முறையீட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

முறையீடு முதலில் அந்த நிறுவனத்துக்கு, 28 நாளுக்குள். நீளமாக எழுத வேண்டாம். 'அன்று வாகனம் இரண்டு தரம் வந்து போனது. உங்கள் கமரா காலை வெளியேறியதையும் மாலை உள்ளே வந்ததையும் பதியவில்லை. இடையில் வாகனம் வேறிடத்தில் இருந்ததற்கான சான்றுகளை இணைத்துள்ளேன். இந்தக் கட்டணத்தை ரத்துச் செய்யுங்கள்.' இவ்வளவும் போதும். கோபத்தை எழுத வேண்டாம். 60 பவுண் சலுகை போய்விடுமே என்று அவன் யோசிக்கலாம். 14 நாளுக்குள் முறையிட்டு அவர்கள் மறுத்தால், பொதுவாக அந்தச் சலுகையை இன்னும் 14 நாளுக்குத் தருவார்கள். ஆனால் கட்டிவிட்டால் கதை முடிந்தது, பிறகு முறையிட இடமில்லை. சொந்தக்காரர் சொல்வது நல்ல மனதோடுதான். காசைக் கொடுத்துவிட்டு உயிரோடு தப்பினால் போதும் என்று வாழ்ந்த ஆட்கள் நாங்கள், அந்தப் பழக்கம் இலகுவில் போகாது. ஆனால் இங்கத்தைய காசுக்கு இருபத்து நாலாயிரம் ரூபாய் வரும். செய்யாத ஒன்றுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

கடிதம் வந்த நாளையும் பார்க்கச் சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. காரில் ஒன்றும் ஒட்டாமல் தபாலில் மட்டும் அனுப்பினால், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அது வந்து சேர வேண்டும். அப்போதுதான், ஓட்டியவர் யார் என்று தெரியாமலே, பதிவில் பெயர் உள்ளவரிடம் காசு கேட்கலாம். எனக்கு வந்தது இருபதாம் நாள். அது தெரியாமல் 'நான்தான் ஓட்டினேன்' என்று முதல் வரியிலேயே எழுதி, கையில் இருந்த ஒரு நல்ல காரணத்தை விட்டுவிட்டேன். மகனுக்குப் பிந்தி வந்திருந்தால், பதிவில் பெயர் உள்ளவர் என்ற முறையில் மட்டும் எழுதட்டும். ஓட்டியவர் பெயரை ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நேரத்துக்கு வந்திருந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் நல்லது.

நிறுவனம் மறுத்தால் மனம் விட வேண்டாம். எனக்கும் மறுத்தார்கள். அந்த மறுப்புக் கடிதத்திலேயே அடுத்த இடம் எது என்று இருக்கும். நிறுவனம் எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பொப்லா என்ற அமைப்புக்கோ ஐஏஎஸ் என்ற அமைப்புக்கோ போகலாம். இரண்டுக்கும் நாள் வரம்பு உண்டு. பொப்லாவுக்குக் காசு இல்லை. அது தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், மகனைக் கட்டுப்படுத்தாது. நான் அங்கே சான்றுகளைப் போட்ட இரண்டாம் கிழமை, நிறுவனமே விலகிக்கொள்வதாக எழுதியது. அதோடு மருந்து வாங்கிய கடையின் மேலாளரையும் ஒருக்கால் நேரில் பார்க்கட்டும். வளவு அவர்களுடையது என்றால், ஒரு மின்னஞ்சலில் ரத்துச் செய்விக்க அவர்களால் முடியும்.

கடைசியாக, மகன் அறை மாறினால் காரின் பதிவுப் புத்தகத்தில் விலாசத்தை உடனே மாற்றச் சொல்லுங்கள், அதற்குக் காசில்லை. எங்கள் பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு அறை மாறுகிறார்கள், கடிதம் எல்லாம் பழைய அறைக்குப் போகிறது. வழக்குப் போட்டதே தெரியாமல் தீர்ப்பு விழுந்த இரண்டு பொடியன்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: பேர்மிங்ஹாமில் இருக்கும் என் தம்பி, இயந்திரத்தில் காசு கட்டித்தான் காரை நிறுத்தினான். இலக்கத்தை அடிக்கும்போது பூச்சியத்துக்குப் பதில் ஓ அடித்துவிட்டான். வந்த கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கடன் வசூலிக்கும் நிறுவனம் 170 பவுண் கேட்கிறது. வீட்டுக்கு வந்து சாமான் தூக்குவார்களா?
– வாசகர், மாங்குளம்

பதில்: தூக்க முடியாது. அவர்கள் கடிதம் எழுதவும் போன் எடுக்கவும் மட்டுமே முடிந்தவர்கள். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் யாரும் வாசலில் வந்து சாமானில் கை வைக்க முடியாது. 100க்கு மேல் உள்ள 70 பவுண் அவர்கள் சேர்த்த வசூல் செலவு.

ஆனால் பதில் போடாமல் விட்டது பிழை. தனியார் கட்டணம் சட்டப்படி செல்லாது, குப்பையில் போடு என்று இப்போதும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேர இலவச வளவில் 56 நிமிடம் கூட நின்ற ஒருவரின் 85 பவுண் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் அந்தக் கட்டணம் செல்லும் என்று முடிந்தது. அவர் உண்மையில் கூட நின்றவர், உங்கள் தம்பி காசு கட்டியவர். அதைச் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? ஓவும் பூச்சியமும் மாறுவது போன்ற சிறு எழுத்துப் பிழைக்குக் கட்டணத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்று அந்த நிறுவனங்களின் சங்க விதியே சொல்கிறது. வங்கிக் கணக்கில் அன்று போன காசின் பதிவோடு, வளவு நிறுவனத்துக்கு நேரே இன்றைக்கே எழுதட்டும்.

இனி வரும் கடிதங்களில் 'வழக்குக்கு முந்திய கடிதம்' என்று ஒன்று வந்தால் பதில் போட 30 நாள் உண்டு. நீதிமன்றத்தின் படிவமே வந்துவிட்டால், அது கிடைத்து 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். எதிர்த்து வாதாடப் போவதாக அந்த 14 நாளுக்குள் அறிவித்தால், முதல் நாளிலிருந்து எண்ணி 28 நாள் வரை அவகாசம் கிடைக்கும். அதற்கும் பேசாமல் இருந்து தீர்ப்பு வந்தால், ஒரு மாதத்துக்குள் முழுக் காசையும் கட்டினால் பெயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து நீங்கும், இல்லாவிட்டால் பொதுவாக 6 வருடம் அங்கே கிடக்கும். வீட்டில் உடைக்காத உறை இன்னும் ஏதும் இருந்தால் இன்றிரவே உடைத்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீதிமன்றப் பெயர் போட்ட கடிதம் அதில் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள்.