காயத்தில் எவ்வளவு காலம்?

அன்புள்ள அக்கா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். உங்கள் கட்டுரையில் கதிரியக்கப் பொருள்களில் சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டு, புளூட்டோனியம்-239க்கு 24,000 ஆண்டு என்று வாசித்தேன். வெட்டுக்காயத்தில் பட்டால் அத்தனை காலமும் அங்கேயே கிடக்குமா?

க.

அன்புள்ள தங்கைக்கு,

அரை ஆயுள் அணுவின் கணக்கு, அதாவது அணுக்களில் பாதி சிதைய எடுக்கும் காலம். காயத்தில் எவ்வளவு காலம் தங்கும் என்பதோ, அது என்ன வடிவில் உள்ளே போனது என்பதைப் பொறுத்தது. கரைந்த சீசியம் சில நாட்களிலேயே பெரும்பாலும் குருதிக்குப் போய்விடும். புளூட்டோனியம் அப்படியில்லை. கரைசலாகப் பட்டாலும் இழையத்தில் திரண்டு ஒட்டிக்கொள்ளும். உலோகத் துண்டாக ஏறினால் வருடக்கணக்கில் கிடக்கும், கவ்வாத்து வெட்டும்போது கையில் ஏறிய சிராய் தோல் மூடிய பிறகும் உள்ளே நெருடுகிற மாதிரி. ஆனால் சும்மா கிடக்காது. கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து எலும்புக்கும் ஈரலுக்கும் போகும். கையில் பட்ட துணிக்கைகள் அக்குள் நிணநீர்க் கணுக்களில் போய்ச் சேரும்.

இதைக் கணக்கிட அமெரிக்காவின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான தேசியக் குழு 2006இல் ஒரு மாதிரியுரு வெளியிட்டது. காயத்துக்குள்ளேயே கணக்குக்காக ஐந்து அறைகள்: கரைந்தது, கூழ்மம் (கரையாமல் நுண்துகள்களாக மிதப்பது), பிணைந்த திரள், சிறைப்பட்ட துணிக்கை, துண்டு. வெளியே குருதியும் நிணநீர்க் கணுவும். ஓர் அறையிலிருந்து அடுத்ததுக்கு நாளொன்றுக்கு என்ன வீதத்தில் நகர்கிறது என்று எண் கொடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தவை. அதனால்தான் அடிபட்ட மனிதரின் சிறுநீரையும் காயத்தையும் திரும்பத் திரும்ப அளந்து, அவருக்கேற்றபடி கணக்கைத் திருத்த வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. புளூட்டோனியம் கதிராக வெளிவிடும் அல்பாத் துணிக்கை இழையத்தில் ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்குகூடப் போகாது. தோல் மூடிவிட்டால், அல்லது கொஞ்சம் இரத்தம் உறைந்து நின்றாலே, அல்பா அளவி சுழியம் காட்டும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஆகவே கூடவே வரும் பலவீனமான எக்ஸ் கதிர்களைப் பிடிக்கிற தனி அளவியைக் காயத்தின்மேல் வைத்துப் பார்ப்பார்கள்.

சரி, தாதியாக நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காயத்தில் அளவு குறைந்தால் அது உடம்பை விட்டே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீசியம் காயத்தை விட்டாலும் தசைகளில் பரவி மாதக்கணக்கில் இருக்கும். புளூட்டோனியத்துக்குக் கொடுக்கும் டிடிபிஏ மருந்து குருதியில் சுற்றுவதைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும். எலும்பில் படிந்ததை அதனால் பெரிதாக இழுக்க முடியாது. காயத்தைக் கழுவுவதும் அந்த மருந்தும் முதல் சில மணித்தியாலங்களிலேயே நடக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா